யாரோட பால், சிஸ்டர்?

2024 மே மாதக் கடைசியில் மாதவரத்தில் ஒரு கடைக்கு உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். தாய்ப்பாலைச் சின்னச் சின்ன பாட்டில்களில் அடைத்து, 50 மில்லி 500 ரூபாய் என்று விற்றிருக்கிறார்கள். தாய்ப்பாலை வியாபாரம் செய்யக் கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. நாடு முழுக்க எச்சரிக்கை விட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தியை யாரோ போட்டார்கள். அத்தனை பேரும் விலையைப் பற்றிப் பேசினார்கள். காலம் கெட்டுவிட்டது என்றார்கள். சித்தப்பா மட்டும், "யாரோட பாலோ, எவரோட பாலோ, யாருக்குத் தெரியும்" என்று ஒரு வரி எழுதினார். அதைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

அதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். ஆறு வருஷம் முன்னால், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில், ராத்திரி இரண்டரை மணிக்கு, கையில் பேனாவோடு. கேட்டு முடித்து, பதில் வாங்கி, கையெழுத்தும் போட்டேன். பையன் இன்று ஒன்றாம் வகுப்பு. ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. அதை ஏன் கேட்டேன் என்பதுதான் உறுத்துகிறது. இத்தனை நாள் மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

2018 கார்த்திகை தீபம் முடிந்த வாரம். மனைவிக்கு 30 வாரம். காலையில் தலைவலி என்றாள், மத்தியானம் கண் மங்குகிறது என்றாள், சாயங்காலம் திருவள்ளூரில் ஒரு நர்சிங் ஹோமில் பிரஷர் பார்த்தபோது டாக்டரம்மா முகம் மாறிவிட்டது. ராத்திரி ஒன்பது மணிக்கு ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பையன். 1,120 கிராம். வீட்டில் ஒரு கிலோ துவரம் பருப்பு பாக்கெட்டைத் தூக்கும்போதெல்லாம் இன்னமும் எனக்கு அந்த எடை ஞாபகம் வரும். "அம்மாவை நாங்க பாத்துக்கறோம், குழந்தையை இங்க வச்சுக்க முடியாது" என்றார்கள். அவர்களிடம் அதற்கான வசதி இல்லை, அதை உடனே சொன்னதில் எனக்கு நன்றிதான். போனில் விசாரித்த ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் இடம் இருந்தது. ஆனால் 1 லட்சம் கட்டிவிட்டுத்தான் உள்ளே எடுப்போம் என்றார்கள். அன்று என் கையில் இருந்தது 14,000 ரூபாய். 108 வந்தது. மனைவி மயக்கம் தெளியாமல் அங்கே கிடக்க, நானும் அம்மாவும் குழந்தையோடு எழும்பூருக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் அந்த ஆம்புலன்ஸ் தம்பி குழந்தையின் நெஞ்சையே பார்த்துக்கொண்டு வந்தார். பூந்தமல்லி தாண்டும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியைப் பற்றி இதைப் படிப்பவர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஹால்ஸ் ரோட்டில் இருப்பது, மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது, நம் வட மாவட்டங்களில் எந்த ஊரில் குழந்தைக்கு முடியாமல் போனாலும் கடைசியில் வாயில் வருகிற பெயர். வராந்தாவில் உட்கார்ந்தால் பாதிப் பேச்சு தெலுங்கில் கேட்கும், நெல்லூரிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்தவர்கள். வேறு இடத்தில் பிறந்து, அம்மா ஓரிடத்தில், பிள்ளை ஓரிடத்தில் என்று பிரிந்து வருகிற குழந்தைகள் அங்கே நிறைய. என் பையனுக்கு அப்போது பெயர் கிடையாது. மனைவி பெயரோடு 'பேபி' என்று சேர்த்து, அந்த பேபியோட அட்டெண்டர் யாருப்பா என்று கதவைத் திறந்து கூப்பிடுவார்கள். அந்தக் குரலுக்காகக் காத்துக் கிடப்பதுதான் எங்கள் வேலை.

முதல் தடவை கூப்பிட்டபோது பணம் கேட்பார்கள், மருந்து வாங்கி வரச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். இளம் டாக்டர் ஒருவர், "அம்மாவோட பால் எப்போ வரும்?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. அவருக்கு மயக்கமே தெளியவில்லை சார் என்றேன். அவர் நிதானமாகச் சொன்னார். 30 வாரத்தில் பிறந்த குழந்தையின் குடல் இன்னும் முதிரவில்லை. மாவுப் பால் கொடுத்தால் குடல் அழற்சி வந்து, அழுகும் அளவுக்குப் போகிற ஆபத்து கூடும். தாய்ப்பால் என்றால் அந்த ஆபத்து குறையும். உறிஞ்சிக் குடிக்கத் தெரியாத வயது, அதனால் வாய் வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய் போட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 2 மில்லி. "உங்க வீட்டம்மா பால் வர்ற வரைக்கும் நம்ம பால் வங்கியிலேர்ந்து தானப் பால் கொடுக்கலாம். நீங்க சம்மதம் எழுதிக் கொடுக்கணும்."

அம்மாவிடம் வந்து சொன்னேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், மடியில் திருத்தணி விபூதிப் பொட்டலம். "வேணாம்டா" என்றார். "குளுக்கோஸ் ஏத்தச் சொல்லு. அவ பால் வரட்டும். யார் எவர்னு தெரியாம எப்படிக் குடுக்கிறது? நோயாளி பாலா இருந்தா?" அடுத்து கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "எந்த வீட்டுப் பொம்பளையோ" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் பிறந்த எவருக்கும் தெரியும். பக்கத்தில் வராந்தா பெருக்கிக்கொண்டிருந்த ஆயா அதைக் கேட்டுவிட்டு, "ஏம்மா, திருத்தணி முருகனுக்கு ஆறு பொம்பளைங்க பால் குடுத்தாங்களே, எந்த வீடுன்னு யாராவது கேட்டாங்களா?" என்றார். அம்மா சட்டென்று, "அது சாமி. சாமிக்கும் நமக்கும் ஒண்ணா?" என்றார். ஆயா மேலே ஒன்றும் பேசாமல் துடைப்பத்தோடு நகர்ந்துபோனார்.

நான் உள்ளே போனேன். சிஸ்டர் படிவத்தை நீட்டினார். ஒரே பக்கம். பேனாவை வாங்கிக்கொண்டு, "யாரோட பால், சிஸ்டர்?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. தினமும் பத்துப் பேர் கேட்கிற கேள்வி போல. "பேர் எல்லாம் இருக்காது சார், பேட்ச் நம்பர்தான். ஒருத்தரோடது இல்ல, மூணு நாலு அம்மாவோடது ஒண்ணா சேர்ந்திருக்கும். டெஸ்ட் எல்லாம் பண்ணிதான் வரும்." அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டேன். கீழே 'உறவுமுறை' என்று ஒரு கோடு இருந்தது. 'தந்தை' என்று எழுதினேன். அந்த வார்த்தையை என்னைப் பற்றி நான் எழுதியது அதுதான் முதல் தடவை.

மூன்று மில்லி

மறுநாள் மத்தியானம் மனைவிக்கு நினைவு நன்றாகத் தெளிந்தது. குழந்தை எங்கே என்பதற்கு முன்னால் குழந்தைக்குப் பால் யார் தருகிறார்கள் என்றுதான் கேட்டாளாம். நான் போனில் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அவங்களுக்கு நல்லது நடக்கட்டும்" என்றாள். நான் கேட்ட கேள்வி அவளுக்குத் தோன்றவே இல்லை.

எழும்பூர் சிஸ்டர் கொதிக்க வைத்த பாட்டில் இரண்டு கொடுத்து, எப்படிக் கையால் பீய்ச்ச வேண்டும் என்று என்னிடம், ஒரு ஆம்பளையிடம், கூச்சமே இல்லாமல் விளக்கிச் சொன்னார். கட்டை விரலை எங்கே வைக்க வேண்டும், எப்படிப் பின்னால் அழுத்தி முன்னால் கொண்டுவர வேண்டும் என்று தன் முழங்கையை வைத்துக் காட்டினார். நான் திருவள்ளூர் போய் மனைவிக்குக் காட்டினேன். வயிற்றில் தையல், கையில் ஊசி, பிரஷர் இன்னும் இறங்கவில்லை. முக்கால் மணி நேரம் ஆயிற்று. பாட்டிலின் அடியில் மஞ்சளாக, தேன் மாதிரி கெட்டியாக, 3 மில்லி. சீம்பால். மூடியை இறுக்கி, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு வைத்துக்கொண்டு மின்சார ரயில் ஏறினேன்.

அந்தப் பயணத்தை மறக்க முடியாது. ஆவடியில் கூட்டம் ஏறியது. பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "பெட்டியில மீனா, சார்?" என்று எதிரில் இருந்தவர் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். மனசுக்குள் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு நாளைக்கு 12 வேளை, 24 மில்லி. என்னிடம் இருப்பது ஒன்றரை வேளைக்கு. மீதி பத்தரை வேளைக்கு யாரோ பெண்கள் ஏற்கெனவே பால் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சென்ட்ரலில் இறங்கி எழும்பூர் வரை ஓட்டமும் நடையுமாகப் போய்க் கொடுத்தேன். சிஸ்டர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "பரவாயில்லையே, நல்லா வருது" என்றார். 3 மில்லியைப் பார்த்து நல்லா வருது என்று சொல்ல அவரால் முடிந்தது. அதை அப்படியே மனைவியிடம் போனில் சொன்னேன். அடுத்த வேளை 7 மில்லி வந்தது.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தமிழில் செவிலியர் என்று பெயர் வைத்திருக்கிறோம். பழைய பாட்டுகளில் செவிலி என்றால் பெற்றவளுக்குப் பதிலாகப் பாலூட்டி வளர்த்தவள். பள்ளிக்கூடத்தில் செவிலித்தாய் என்று படித்தபோது அது வெறும் பரீட்சைச் சொல். அந்த வாரம்தான் எனக்கு அர்த்தம் புரிந்தது.

பால் வங்கி என்றால் ஏதோ பெரிய இயந்திரக் கூடம் என்று நினைத்திருந்தேன். இல்லை. அதே கட்டடங்களில் பிள்ளையை வைத்துக்கொண்டு தவிக்கிற அம்மாக்கள், தன் பிள்ளைக்குப் போக மிஞ்சியதைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் அதன் ஆதாரம். கொடுப்பவருக்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, பால்வினை நோய்க்கான ரத்தப் பரிசோதனை பார்ப்பார்கள். பிறகு பாலை ஒன்றாகக் கலந்து, 62.5 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைத்து, உடனே குளிரவைத்து, கிருமி இருக்கிறதா என்று பார்த்து, மைனஸ் 20 டிகிரியில் உறைய வைப்பார்கள். கொதிக்க விடுவதில்லை, அப்படிச் செய்தால் அதிலுள்ள நோய் எதிர்ப்பு எல்லாம் போய்விடும். ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கி 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில்தான் தொடங்கியது, டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் என்ற குழந்தை மருத்துவர் முயற்சியில். பணக்கார ஆஸ்பத்திரி எதிலும் அல்ல, தாராவிப் பெண்கள் பிரசவத்துக்கு வருகிற மாநகராட்சி ஆஸ்பத்திரியில். பிரேசிலில் இப்போது 200-க்கு மேல் வங்கிகள் இருக்கின்றன, பல ஊர்களில் தீயணைப்பு வீரர்களே வீட்டு வாசலுக்கு வந்து பால் பாட்டிலை வாங்கிப் போகிறார்கள். நம் ஊரிலும் திருச்சிப் பக்கம் ஒரு பெண் 22 மாதத்தில் 300 லிட்டர் கொடுத்ததாகப் பத்திரிகையில் படித்தேன். மூன்று மில்லியைத் தெர்மாகோல் பெட்டியில் சுமந்தவனுக்கு 300 லிட்டர் என்றால் என்னவென்று தெரியும்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, விடியற்காலையில் வராந்தாவில் அழுகைச் சத்தம். சித்தூர்ப் பக்கத்துக் குடும்பம். இருபது வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. குழந்தை போய்விட்டது. ஆண்கள் பேப்பர் வாங்க அலைந்துகொண்டிருந்தார்கள். பத்து மணி போல, அந்தப் பெண்ணின் ரவிக்கை முன்பக்கம் முழுக்க நனைந்துவிட்டது. அவளுக்கே அது தெரியவில்லை. ஒரு சிஸ்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தெலுங்கில் ஏதோ மெதுவாகச் சொல்லி, தோளில் துண்டைப் போர்த்தி உள்ளே அழைத்துப் போனார். வலி குறையப் பிழிந்து விட்டார்களா, அந்தப் பால் வங்கிக்குப் போனதா, நான் கேட்கவில்லை. என் அம்மா அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவர் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை.

பாய் கேட்ட கேள்வி

எங்களுக்குப் பக்கத்தில் பழவேற்காட்டிலிருந்து வந்த ஒரு பாய் இருந்தார். தையல் கடை வைத்திருப்பவர். அவர் குழந்தையும் குறைமாதம், பெண். மனைவிக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு ஆகி வேறு ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ.வில். அம்மா உணவகத்தில் இட்லி வாங்கினால் எனக்கும் சேர்த்து வாங்கி வருவார். ஒரு ராத்திரி தூக்கம் வராமல் பேசிக்கொண்டிருந்தோம். நான் மனசில் இருந்ததை மறைத்து, சாதாரணமாகக் கேட்பது போல, நீங்க கையெழுத்துப் போடும்போது ஏதாவது கேட்டீங்களா பாய் என்றேன்.

"கேட்டேனே. யாரோட பால்னு கேட்டேன். பேர் கிடைச்சா குறிச்சு வச்சுக்கலாம்னு."

எனக்குத் திக்கென்றது. நம்மைப் போலத்தான் இவரும் என்று ஒரு நிம்மதிகூட வந்தது. "எதுக்கு பாய் பேரு?"

"எங்கள்ல பால் குடுத்தவங்களும் தாய்தான் சார். அவங்க பெத்த பிள்ளைங்க எம் பொண்ணுக்குக் கூடப்பிறந்தவங்க ஆயிடுவாங்க. நாளைக்கு இவளுக்கு மாப்பிள்ளை பாக்கும்போது, சொந்த அண்ணன் தம்பிக்குக் குடுத்துடக் கூடாது இல்ல? அதான் கேட்டேன். பேரு தர முடியாதுன்னாங்க. ஊருக்குப் போன் பண்ணிப் பள்ளிவாசல் ஹஜ்ரத்கிட்டக் கேட்டேன், உயிர்தான் முதல்ல, கையெழுத்துப் போடுன்னாரு." கொஞ்சம் நிறுத்தி, "அந்த அம்மாவுக்கு ஒரு சலாம் சொல்லக்கூட வழியில்ல பாருங்க, அதான் கஷ்டமா இருக்கு" என்றார்.

அவரும் நானும் கேட்டது ஒரே கேள்வி. அவர் கேட்டது அந்தப் பெண்ணைத் தன் வீட்டில் சேர்த்துக்கொள்ள. மகளுக்கு இன்னொரு தாய் உண்டு, அவள் யார் என்று தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். நான் கேட்டது எதற்கு? நோய் இருக்குமோ என்ற பயத்தில் கேட்டேன் என்றுதான் அதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நோய் பயம் என்றால் டெஸ்ட் பண்ணீங்களா என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்? சிஸ்டர் தானாகச் சொன்னதால்தான் அது எனக்குத் தெரிந்தது. நான் கேட்டது பெயரை. பெயரில் எங்கள் ஊரில் என்னவெல்லாம் தெரிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். ஒருவேளை அவர் ஒரு பெயர் சொல்லியிருந்தால், அந்தப் பெயரிலிருந்து ஒரு தெரு தெரிந்திருந்தால், பேனாவைக் கீழே வைத்திருப்பேனா? 1,120 கிராம் பிள்ளை உள்ளே இருக்கும்போது? வைத்திருக்க மாட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் கேள்வி கேட்ட வாய் என்னுடையது.

இரண்டு வாரம் கழித்துப் பையனுக்கு ரத்தம் ஏற்றினார்கள். 15 மில்லி, சின்ன சிரிஞ்சில், மெது மெதுவாக. ரத்த வங்கியிலிருந்து வந்தது. அதற்கும் கையெழுத்துப் போட்டேன். யாரோட ரத்தம் என்று நான் கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. கொடுத்தவர் நல்லாயிருக்கணும் என்று விபூதி பூசிவிட்டார், அவ்வளவுதான். ரத்தத்துக்குத் தோன்றாதது பாலுக்கு மட்டும் ஏன் தோன்றியது என்று பல நாள் யோசித்தேன். ரத்தத்தை மருந்தாக நினைக்கப் பழகிவிட்டோம். பாலை உறவாக நினைக்கிறோம். உறவு என்று வந்ததும் நமக்கு எல்லை ஞாபகம் வந்துவிடுகிறது. பாய்க்கு மட்டும் அங்கே எல்லை ஞாபகம் வரவில்லை. இன்னொரு தாய் கிடைத்தாள்.

நெஞ்சோடு நெஞ்சாக

ஆறாம் நாள் மனைவியை டிஸ்சார்ஜ் செய்து நேராக எழும்பூருக்கு அழைத்து வந்தேன். தையல் வலியோடு வந்து, பிள்ளையைப் பார்த்து, அழவில்லை. பால் எடுக்கிற அறை எங்கே என்று கேட்டாள். அப்போதும் அவள் பால் போதவில்லை. பிள்ளைக்குத் தினம் அளவு கூடிக்கொண்டே போனது, பாதி அவளுடையது, பாதி வங்கியுடையது என்று ஓடியது. பிறகு மெல்ல மெல்ல அவளுடையதே போதுமானதாக ஆயிற்று.

மூக்கில் மாட்டியிருந்த குழாயைக் கழற்றியதும் கங்காரு முறையில் வைக்கச் சொன்னார்கள். டயப்பரும் குல்லாவும் மட்டும் போட்ட பிள்ளையை அம்மாவின் வெறும் நெஞ்சில் நிமிர்த்தி வைத்து, துணியால் கட்டி, மணிக்கணக்காக உட்கார வேண்டும். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாமல் ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைப் படுக்கவைக்க வேண்டிவந்தபோது, எட்கர் ரே என்ற டாக்டர் கண்டுபிடித்த வழி இது. இல்லாமையில் பிறந்த யோசனை. ஆனால் 2021-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு, இந்தியாவிலும் ஆப்பிரிக்காவில் நான்கு நாடுகளிலும் நடந்தது, எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்த உடனேயே இப்படி வைத்தால் முதல் 28 நாளில் சாவு நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்று காட்டியது. டில்லி சப்தர்ஜங் அரசு மருத்துவமனையும் அதில் ஒன்று. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருஷம் உலக சுகாதார நிறுவனமும் அதையே பரிந்துரைத்தது.

நடுவில் இரண்டு நாள் மனைவிக்குக் காய்ச்சல். பிள்ளையை நெஞ்சில் வைக்கக் கூடாது என்றார்கள். சிஸ்டர் வெளியே வந்து எங்கள் கூட்டத்தைப் பார்த்து, "பாட்டி வாங்க" என்றார். அம்மா பதறிப்போனார். எனக்கா, எனக்கு அறுபது வயசாச்சும்மா என்றார். கை கழுவச் சொல்லி, முன்பக்கம் திறக்கிற மேலங்கி கொடுத்து உட்கார வைத்தார்கள். கதவு திறந்து மூடும்போது ஒரு நொடி எனக்குத் தெரிந்தது. அம்மா அந்தச் சாய்வு நாற்காலியில் மூச்சைக்கூடப் பெரிதாக விடாமல் உட்கார்ந்திருந்தார். தாலிச் சரட்டைக் கழுத்துக்குப் பின்னால் தள்ளியிருந்தார். நெஞ்சில் ஒரு குல்லா மட்டும் தெரிந்தது. பிள்ளையின் வாய்க்குள் போகிற குழாய் வழியாக அப்போது சிஸ்டர் பால் விட்டுக்கொண்டிருந்தார், சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்து, அது தானாக இறங்கும்வரை. அது யாருடைய பால் என்று அம்மாவுக்குத் தெரியும். மனைவி காய்ச்சலில் படுத்திருந்தாள், அது வங்கிப் பால். அம்மா சிரிஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிச் சொட்டு இறங்கியதும், "போயிடுச்சும்மா" என்று சிஸ்டரிடம் சொன்னார்.

காய்ச்சல் தணிந்து சில நாளில் மனைவிக்குப் பால் கட்ட ஆரம்பித்தது. பிள்ளைக்குப் போக மிஞ்சியது. ரத்தப் பரிசோதனைக்குக் கையை நீட்டினாள். முதல் நாள் 90 மில்லி கொடுத்தாள், பிறகு வீடு போகும்வரை தினமும். பாட்டிலில் ஒட்டுகிற சீட்டில் தேதியும் ஒரு எண்ணும் எழுதினார்கள். எந்தப் பிள்ளைக்குப் போகும் என்று அவள் கேட்கவில்லை. பாயின் பெண் குழந்தைக்கும் போயிருக்கலாம். அப்படியானால் என் மகனுக்குப் பழவேற்காட்டில் ஒரு தங்கை இருக்கிறாள்.

தை மாதம் 1,700 கிராமில் வீட்டுக்கு வந்தோம். ஆஸ்பத்திரி அதோடு விட்டுவிடவில்லை. பிறந்த 30 நாளுக்குள்ளேயே விழித்திரையைப் பார்த்திருந்தார்கள், குறைமாதப் பிள்ளைகளுக்கு அந்தத் தேதி தவறினால் கண்ணே போய்விடலாம். பிறகு காது, தலைச் சுற்றளவு, கழுத்து நிற்கிறதா, கை ஒரே பக்கம் இழுக்கிறதா என்று இரண்டு வருஷம் அட்டையில் எழுதிக்கொண்டே வந்தார்கள். ஒரு தேதிக்குப் போகாமல் விட்டபோது போன் வந்தது. ஊர் கிராம சுகாதார செவிலியர் எடை பார்க்க வீட்டுக்கே வந்தார். அவர்தான் பிறகு மேலத் தெருவில் எட்டாம் மாதத்தில் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணை மனைவியிடம் அழைத்து வந்தார். நாங்கள் அதிகம் போகாத தெரு அது, ஏன் என்று இந்தக் கட்டுரையில் விளக்க வேண்டியதில்லை. மனைவி அந்தப் பெண்ணை எங்கள் நடு அறையில் உட்கார வைத்து, கட்டை விரலை எங்கே வைக்க வேண்டும் என்று தன் முழங்கையில் காட்டிக்கொண்டிருந்தாள், எழும்பூர் சிஸ்டர் எனக்குக் காட்டிய அதே மாதிரி. அம்மா உள்ளேயிருந்து அந்தப் பெண்ணுக்குச் சோம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

சரி, வாட்ஸ்அப்புக்கு வருகிறேன். போனைக் கவிழ்த்து வைத்தவன் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்ப எடுத்தேன். சித்தப்பா எழுதிய வரிக்குக் கீழே நாலைந்து பேர் தலையாட்டும் பொம்மைகள் போட்டிருந்தார்கள். விற்பது தப்பு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஏழைப் பெண் தன் பிள்ளை வாயிலிருந்து எடுத்து விற்கிற நிலை வந்துவிடக் கூடாது. ஆனால் சித்தப்பாவின் வரி விற்பனையைப் பற்றியது அல்ல. ரொம்ப நேரம் அடித்து அழித்து, கடைசியில் இப்படி எழுதினேன்: "என் பையன் குடிச்சிருக்கான் சித்தப்பா. யாரோடதுன்னு எனக்கும் தெரியாது. பதினோரு நாள் குடிச்சான்."

அனுப்பிவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் போனை எட்டத்தில் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். ஆறு வருஷத்தில் நாங்கள் இருவரும் அந்த ராத்திரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டுவார் என்று நினைத்தேன். சொந்தக்காரர்களுக்கு முன்னால் எதற்கு இதெல்லாம் என்பார் என்று நினைத்தேன்.

"பதினொண்ணு இல்லடா" என்றார். "பன்னெண்டு. முதல் நாள் ராத்திரியை விட்டுட்டே."